பாடப் புத்தகம் விட்டுவிட்ட சேறு

பள்ளிக்கூடத்தில் உணவுச் சங்கிலி என்றால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. ஐந்து படம், நடுவில் நான்கு அம்புக்குறி. ஒவ்வொரு அம்புக்குறியைத் தாண்டும்போதும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகும் என்று எழுதினால் முழு மதிப்பெண். நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளும் அதையேதான் எழுதுகிறாள்.

அந்தப் படத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் சிதம்பரத்துக்காரனான எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிச்சாவரத்தை அந்த ஐந்து படத்துக்குள் அடைக்க முடியாது. அங்கே மரத்தில் இருக்கும் பச்சை இலையைத் தின்கிற உயிர்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் இறால், நண்டு, மடவை, கொடுவா, கொக்கு, செம்பருந்து என்று அந்தக் காடும் கழியும் நிறைந்து கிடக்கின்றன. இத்தனை வாய்க்கும் ஆற்றல் எந்த வழியாக வந்து சேருகிறது?

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஏறக்குறைய 1100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. படகில் போகிறவர்கள் பெரும்பாலும் வேர்களைத்தான் படம் பிடிப்பார்கள். சுரபுன்னையின் வளைந்த தாங்கு வேர்கள் பார்க்க அழகுதான். நான் இலைகளைப் பார்க்கச் சொல்வேன். வெண்கண்டல் இலை ஒன்றைத் தடவிவிட்டு விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை இலை தடித்தது, தோல் போன்றது, டானின் நிறைந்தது. வாயில் வைத்தால் துவர்ப்பு தாங்காது. சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உப்பு, துவர்ப்பு, நச்சுப் பால். பச்சையாகத் தின்ன வருகிறவனை அண்டவிடாத காடு இது.

அப்படியானால் அந்த இலைகள் செய்த மாவுப்பொருள், நார், அதில் அடைபட்ட வெயில் எல்லாம் எங்கே போகின்றன? உதிர்கின்றன. ஆண்டு முழுக்க, மஞ்சளாகி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகின்றன.

இதைக் கணக்கெடுத்துக் காட்டிய வேலை அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது. 1960-களின் கடைசியில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் நார்த் ரிவர் முகத்துவாரத்தில் எரிக் ஹீல்டும் வில்லியம் ஓடமும் இறங்கினார்கள். ஹீல்ட் இலையைப் பின்தொடர்ந்தார், ஓடம் மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்தார். ஒரு ஹெக்டேர் அலையாத்தி ஆண்டுக்கு ஏறக்குறைய 9 டன் உலர் எடைக்குக் குப்பை உதிர்க்கிறது என்று தெரிந்தது. மரத்தில் இருக்கும்போதே பூச்சிகளும் மற்றவையும் தின்றது இலைகளில் 5 விழுக்காடு அளவுதான். மீதி அத்தனையும் விழுந்து, ஊறி, அழுகி, அப்புறம்தான் யாருக்காவது சாப்பாடாகிறது.

அழுகுவது என்றால் வீணாவது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இலையை விழுந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். புதிதாக உதிர்ந்த சுரபுன்னை இலை மிதக்கும். முதல் சில நாட்களில் அதிலிருந்து சர்க்கரையும் டானினும் தண்ணீரில் கரைந்து வெளியேறுகின்றன. இலை பழுப்பாகி மூழ்குகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதன்மேல் குடியேறுகின்றன. சேற்றில் கொஞ்ச காலம் கிடந்த இலையை எடுத்து விரலால் தேய்த்தால் வழுவழுவென்று ஒரு படலம் ஒட்டும். எனக்கு அந்தப் படலத்தைத் தொட்டுப் பார்ப்பதில் எப்போதும் ஒரு ஆசை உண்டு, ஏனென்றால் விருந்து அதுதான். இலையின் நாரை இறாலால் நேரடியாகச் சரியாகச் செரிக்க முடியாது. அந்த நாரைத் தின்று வளர்ந்த நுண்ணுயிர்களை அதனால் செரிக்க முடியும். நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து நைட்ரஜனை இழுத்துத் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. அதனால் ஒரு விந்தை நடக்கிறது: இலை சிதையச் சிதைய, மிஞ்சியிருக்கும் துகளில் புரதத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஹீல்ட் அளந்த இலையில் அது சுமார் 6 விழுக்காட்டில் தொடங்கி, ஓராண்டில் 20-ஐத் தாண்டியது. மரத்தில் பளபளவென்று இருந்த இலையைவிட, சேற்றில் கிடக்கும் கறுத்த துணுக்கு சத்து மிகுந்த சாப்பாடு.

இறால் அந்தத் துணுக்கை விழுங்குகிறது, மேலே ஒட்டிய படலத்தைச் செரிக்கிறது, நாரைக் கழிவாக வெளியேற்றுகிறது. அந்தக் கழிவின்மேல் மறுபடி பாக்டீரியா ஏறுகிறது. அதை ஒரு சின்ன நண்டு எடுக்கிறது. அது கழித்ததை ஒரு புழு. இப்படி ஒரே இலையின் துகள் பல வயிறுகளுக்குள் போய் வருகிறது. ஒவ்வொரு வயிற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஆற்றல் கறக்கப்படுகிறது. புல், வெட்டுக்கிளி, தவளை என்கிற நேர்வரிசையில் இதை எந்த இடத்தில் வரைவது?

பிச்சாவரத்தில் இருளர்கள் கையால் இறால் பிடிப்பார்கள். ஆண்களும் பெண்களும் இடுப்பளவு, சில இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கையில் அகப்பட்ட இறால் அப்படியே பறிக்குள் போகும். கரையேறி உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் ஒருமுறை, எந்த இடத்தில் இறால் அதிகம் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "எல கெடந்து ஊறுன எடமா பாத்து கைய வுடணும் தம்பி. வெறும் மண்ணுல எறாவுக்கு என்னா இருக்கு?" என்றார்.

எங்கள் பக்கத்து ஆய்வாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே ராஜேந்திரனும் கதிரேசனும் அலையாத்தி இலைகளைப் பைகளில் கட்டித் தண்ணீரில் அழுகவிட்டு, அவற்றைத் தேடி மீன்கள் வருகின்றனவா என்று பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 1999-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. அழுகும் இலையைச் சுற்றி மீன் குஞ்சுகள் கூடின. அந்த அக்காவின் கைக்குத் தெரிந்ததும் இந்தப் பைகள் சொன்னதும் ஒன்றுதான்.

சரி, அந்தப் பத்து விழுக்காட்டு விதிக்கு வருவோம். நம் புத்தகங்களில் அதற்கு லிண்டமன் விதி என்று பெயர். ரேமண்ட் லிண்டமன் யார் என்று தேடிப் போனபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான பிடிப்பு வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் ஏரி என்று ஒன்று. பெயர்தான் ஏரி, ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இளைஞரான லிண்டமன் தன் மனைவி எலினாரின் துணையோடு அந்த ஏரியின் செடி, பாசி, புழு, பூச்சி, மீன் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். எது எதைத் தின்கிறது என்று பட்டியல் போடுவதோடு நிற்காமல், எல்லாவற்றையும் கலோரியாக மாற்றி எழுதினால் ஏரி முழுவதையும் ஒரே வரவு செலவுக் கணக்காகப் படிக்கலாம் என்றார். அவர் அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட மூத்த ஏரியியலாளர்கள், இது வெறும் கோட்பாடு என்று வேண்டாம் என்றார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் அவருக்காக வாதாடிய பிறகு ஏற்கப்பட்டது. 1942 அக்டோபரில் அச்சானது. லிண்டமன் அதைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் மாதமே, 27 வயது நிறையுமுன், ஈரல் நோயில் இறந்துபோனார்.

அந்தக் கட்டுரையில் 10 விழுக்காடு என்கிற விதியே இல்லை. சீடர் பாக் ஏரிக்கு அவர் கொடுத்த எண்கள் இவை: வெயிலில் செடிகள் பிடித்தது 0.10 விழுக்காடு. செடியிலிருந்து அதைத் தின்பவற்றுக்கு 13.3. அவற்றிலிருந்து அடுத்த நிலைக்கு 22.3. விஸ்கான்சினில் இருக்கும் மெண்டோட்டா ஏரியில் இதே நிலைகளுக்கு வேறு எண்கள்: 0.40, 8.7, 5.5. பத்து என்பது பிற்காலத்தவர் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாகப் பிடித்துக்கொண்ட ஒரு முழு எண். ஒரு தோராயமாக அது நல்ல எண்தான். விதியாகச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கு வருத்தம் வருகிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. லிண்டமன் அந்த ஏரியின் உணவுச் சுழலை ஒரு படமாக வரைந்திருக்கிறார். அதன் நட்டநடுவில் இருப்பது பெரிய மீனும் இல்லை, செடியும் இல்லை. ஏரியடிச் சேறு. எல்லாக் கோடுகளும் அங்கே போகின்றன, அங்கிருந்து பாக்டீரியா வழியாக மறுபடி கிளம்புகின்றன. அவர் பெயரில் நாம் எடுத்துக்கொண்டது அவர் சொல்லாத பத்து. அவர் நடுவில் வைத்த சேற்றை விட்டுவிட்டோம்.

சேற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்று எண்ணில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஹவர்ட் ஓடம் (வில்லியம் ஓடம் வேறு, இவர் வேறு) 1957-ல் வெளியிட்ட சில்வர் ஸ்பிரிங்ஸ் கணக்கு இருக்கிறது. புளோரிடாவில் அடிமட்டம் வரை கண்ணாடியாகத் தெரியும் ஊற்று நீர். ஆண்டு முழுக்க வெப்பநிலை ஏறக்குறைய மாறாது என்பதால் அளப்பதற்குத் தோதான இடம். ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டில் விழுந்த வெயில் 17,00,000 கிலோ கலோரி. நீர்ச்செடிகளும் பாசிகளும் அதில் பிடித்தது 20,810. அவை தாங்கள் உயிர் வாழ்வதற்கே செலவழித்தது 11,977. உடலாக நின்றது 8,833. செடி தின்னிகளுக்குக் கிடைத்தது 3,368, அவற்றைத் தின்பவற்றுக்கு 383, உச்சியில் இருக்கும் மீன்களுக்கு 21. எல்லா நிலையிலும் செத்ததையும் கழிந்ததையும் வாங்கிக்கொண்ட சிதைப்பான்களுக்கு 5,060.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். செடியை உயிரோடு தின்றவற்றைவிட, செத்ததைத் தின்றவற்றின் வழியாகப் போன ஆற்றல் அதிகம். இத்தனைக்கும் அது ஆமையும் நத்தையும் செடியை நன்றாக மேயும் இடம். இலையை யாருமே சீண்டாத அலையாத்திக் காட்டில் இந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆற்றல் எல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்று என் அக்கா மகள் கேட்டாள். சூடாகிப் போகிறது என்றேன். அவளுக்கு அது போதவில்லை. மீன் தின்றால் மீன் சக்தி நமக்கு வராதா மாமா என்றாள். நல்ல கேள்வி. தின்றதில் செரிக்காதது கழிவாகிவிடும். செரித்து உடலுக்குள் சேர்ந்ததிலும் பெரும்பகுதி இதயம் துடிக்க, நீந்த, பறக்க, உடைந்த செல்லைச் சரிசெய்யச் செலவாகிறது. அந்தச் செலவு ஒவ்வொன்றும் வெப்பமாக வெளியேறுகிறது. உடலாக மாறுவது மிச்சம் மட்டும். இந்த மிச்சம் உயிருக்கு உயிர் வேறுபடும். உடலுக்குள் சேர்ந்த ஆற்றலில் மீன்கள் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தசையாக்குகின்றன. பறவைகள் ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. தன் ரத்தத்தை ராப்பகலாகச் சூடாக வைத்துக்கொள்வதிலேயே மீதி தீர்ந்துபோகிறது. பிச்சாவரத்தில் வட்டமிடும் செம்பருந்து, தான் பிடித்த மடவையின் ஆற்றலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஒரு கழியில் மடவைக் கூட்டம் கூட்டமாக இருந்தாலும் செம்பருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படி இல்லை. செம்பருந்தின் எச்சத்தில் இருக்கும் நைட்ரஜன் சேற்றில் விழுந்து மறுபடி சுரபுன்னையின் வேருக்குப் போகலாம், போகிறது. ஆற்றலுக்குத் திரும்பி வரும் வழி கிடையாது. ஒவ்வொரு நாளும் புது வெயில் வேண்டும். இதைப் புரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் மலைப்பாகவே இருந்தது. சேற்றில் நடக்கும் இத்தனை தின்றலும் கழித்தலும், வானத்துக்கு வெப்பமாகத் திரும்பிப் போகவேண்டிய வெயிலை வழியில் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கிற வேலைதான். ஒரு பச்சை இலையை ஆடு தின்றால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி சில நாளில் தீர்ந்துவிடும். அதே அளவு இலை சேற்றில் விழுந்தால் மாதக்கணக்கில் பலரைப் பிழைக்க வைக்கும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஹீல்டும் ஓடமும் சொன்னதைக் கேட்ட உற்சாகத்தில், கடலோர மீன் எல்லாமே அலையாத்தி இலையால் வளர்கிறது என்று பலர் எழுதிவிட்டார்கள். பிறகு கார்பன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தை, அளக்கும் முறை வந்தது. மரத்தின் கார்பனுக்கும் கடல் மிதவைப் பாசியின் கார்பனுக்கும் சின்ன வேறுபாடு உண்டு. ஒரு மீனின் தசையை அளந்தாலே அது எதில் வளர்ந்தது என்று ஓரளவு சொல்லலாம். 1984-ல் மலேசியக் காடுகளில் இதைச் செய்தபோது, காட்டுக்குள்ளும் ஓடைகளிலும் வாழ்ந்த உயிர்களில் அலையாத்திக் கார்பன் நன்றாகத் தெரிந்தது. கரையை விட்டு விலகிக் கடலுக்குள் போகப் போக அது மங்கி, மிதவைப் பாசியின் அடையாளம் மேலோங்கியது. சேற்றின்மேல் படரும் நுண்பாசிகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, இலையின் ஆட்சி ஓடைக்குள். கடலூர்த் துறைமுகத்தில் வந்து இறங்கும் மத்திக்கும் சூரைக்கும் பிச்சாவரத்து இலையைக் காரணம் காட்டக் கூடாது. காட்டின்மேல் அன்பு உள்ளவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மிகையாகச் சொன்னது ஒருநாள் உடையும்போது, உண்மையாகச் சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தின்னப்படாமலே தங்கிவிடும் ஆற்றலும் உண்டு. அலையாத்திச் சேற்றில் விரல் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும், சேறு கறுப்பாக இருக்கும். அங்கே சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் மெதுவாக வேலை செய்கின்றன. அவற்றால் முடிப்பதற்குள் மேலே புதுச் சேறு படிந்துவிடுகிறது. அப்படிப் புதைந்த இலையும் வேரும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். இதன் முற்றிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காட்டில் விழுந்து, முழுக்க மட்காமல் புதைந்த மரமும் இலையும்தான் அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரி. அந்தக் காலத்து நுண்ணுயிர்கள் தின்னாமல் விட்ட வெயிலை நாம் கொதிகலனில் போட்டு எரிக்கிறோம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகிறது, மீதி சூடாகப் போகிறது. செம்பருந்தின் உடம்பில் நடப்பதும் அனல் மின் நிலையத்தில் நடப்பதும் கணக்களவில் ஒரே செலவுதான். வேகம்தான் வேறு. மில்லியன் ஆண்டுகள் சேர்ந்ததை நாம் சில தலைமுறைகளில் தீர்க்கிறோம்.

இலை, சேறு, நுண்ணுயிர் எல்லாம் இருந்தும் இந்த ஓட்டம் நின்றுபோகலாம். பிச்சாவரத்தில் அது நடந்தது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து மண் காய்ந்து, தொட்டி போலக் குழிந்தது. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றியது. உப்பு ஏறிக்கொண்டே போனது. வெண்கண்டலே தாங்காத உப்பு. கன்று முளைக்கவில்லை, இலை விழவில்லை. வெயில் மட்டும் முன்னைப் போலவே விழுந்துகொண்டிருந்தது, அதைப் பிடிக்க ஆளில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி. ஓதத் தண்ணீர் உள்ளே வந்து போகத் தொடங்கியதும் மண்ணில் தேங்கிய உப்பு கரைந்து வெளியேறியது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட கன்றுகள் பிடித்தன. இன்று அந்தப் பகுதிகளில் படகில் போனால் அது ஒரு காலத்தில் உப்புப் பாலையாக இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

அந்த வாய்க்கால்கள் தானாகத் தூர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வற்றத்திலும் கொஞ்சம் வண்டல் படியும். அவ்வப்போது தூர்வார ஆள் வேண்டும், பணம் வேண்டும். கன்று நடும் விழாவுக்கு வருகிற கூட்டம் தூர்வாருவதற்கு வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடம் வழியாக நன்னீர் வந்து சேருவதும் இதே அளவு முக்கியம். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கடலுக்குப் போய் வீணாகிறது என்று யாராவது சொன்னால், பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளை பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தண்ணீர் கழிக்குள் ஏறி உப்பை இறக்குவதைக் காட்டலாம். என் அக்கா மகளை இந்த மார்கழியில் அங்கேதான் கூட்டிப் போகப் போகிறேன். தேர்வில் அவள் புல், வெட்டுக்கிளி என்றே எழுதட்டும், அதற்குத்தான் மதிப்பெண். ஊறிய இலை ஒன்றை அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் லிண்டமனின் அந்தப் படத்தையும் வைத்துக் காட்ட வேண்டும்.